சீட்டில் மிண்டனாவோ, உறையில் பனாய்: ஒரு பிலிப்பைன்ஸ் வாளின் ஊரைத் தேடி

மேசை மேல் இரண்டு வாள்கள் இருந்தன. இரண்டிலும் பழுப்பேறிய அட்டைச் சீட்டு, ஒரே மாதிரி நூலால் கட்டியிருந்தது. ஒன்றில் 'மோரோ கிரிஸ், மிண்டனாவோ, 1903' என்று எழுதியிருந்தது. மற்றதில் 'மோரோ போலோ, மிண்டனாவோ, 1903'. மிண்டனாவோ பிலிப்பைன்ஸின் தெற்கே உள்ள பெரிய தீவு. கிரிஸ் இரண்டு பக்கமும் கூருள்ள வாள், போலோ என்றால் பெரிய கத்தி. பழைய ஆயுதங்கள் சேர்க்கும் பெரியவர் ஒருவர் வெளிநாட்டு ஏலம் ஒன்றில் இரண்டையும் சேர்த்து எடுத்திருந்தார். கிரிஸைப் பற்றி அவருக்குச் சந்தேகம் இல்லை. மற்றதைத்தான் என் பக்கம் நகர்த்தினார்.

"தம்பி, இது சூலுக்காரங்களோட பாரோங் தானே? பிடியில கிளி மூக்கு இருக்கு, அலகும் இலை மாதிரி இருக்கு. அப்படியே எழுதி வச்சிடலாமா?"

"ஒரு நாள் பொறுங்க ஐயா, உறையையும் சேர்த்துப் பார்த்துட்டுச் சொல்றேன்" என்றேன். உண்மையைச் சொன்னால், முதல் பார்வையில் எனக்கும் அது பாரோங், அதாவது தெற்கேயுள்ள சூலுத் தீவுகளின் இலைவடிவ வாள் என்றே தோன்றியது. பருத்த வயிறு, கறுத்த கொம்புப் பிடி, வளைந்த தலை. கூடவே சீட்டும் அதையே சொல்கிறது. இப்படி எல்லாமே ஒரே பக்கம் இழுக்கும்போதுதான் தப்பு நடக்கும். அந்த வாளைப் பார்த்த விதத்தையும் வந்த முடிவையும் வரிசையாக எழுதி வைக்கிறேன். பிலிப்பைன்ஸ் வாள் எதையாவது கையில் வைத்துக்கொண்டு ஊர் தெரியாமல் இருப்பவர்களுக்கு உதவும்.

பொருள்

மொத்த நீளம் 61 செ.மீ. அதில் அலகு மட்டும் 45 செ.மீ. பிடியருகே அலகின் அகலம் 2.6 செ.மீ. தான். கீழே போகப் போக வயிறு பருத்து, மூன்றில் இரண்டு பங்கு தாண்டியதும் 5 செ.மீ. ஆகிறது. அதற்கப்புறம் முதுகு சட்டென்று சரிந்து கூர்முனையில் முடிகிறது. முதுகின் தடிப்பு பிடியருகே 6 மி.மீ., முனைப் பக்கம் 3 மி.மீ.க்கும் குறைவு. கறுத்த அலகு, வாய்ப்பக்கம் (வெட்டும் கூர்ப்பக்கம்) பல தடவை தீட்டித் தீட்டித் தேய்ந்த தடம். பிடி எருமைக் கொம்பு. பிடியும் அலகும் சேரும் இடத்தில் பித்தளைப் பூண். பிடியின் கோடியில் ஒரு விலங்கின் தலை, வாயைத் திறந்தபடி. உறை மரத்தில் செய்தது. இரண்டு பலகைகளைச் சேர்த்துப் பிரம்பு வளையங்களால் இறுக்கியிருக்கிறார்கள்.

பெரியவர் அலகைப் பளபளவென்று தேய்த்துவிடலாமா என்று கேட்டார். வேண்டவே வேண்டாம் என்றேன். கறுப்பு, களிம்பு, பழைய எண்ணெய்ப் பிசுக்கு எல்லாமே சாட்சிகள். ஒரு மணி நேரம் உப்புத்தாள் போட்டால் நூறு வருடத் தடயம் போய்விடும். துரு பரவாமல் லேசாக எண்ணெய் தொட்டுத் துடைத்தால் போதும்.

சீட்டு சொல்வது எவ்வளவு தூரம் செல்லும்?

இரண்டு சீட்டிலும் ஒரே கை, ஒரே மை, முடிச்சும் ஒரே மாதிரி. ஆண்டும் ஒன்றே. வாள்கள் கிடைத்த அன்றன்றைக்கு எழுதியிருந்தால் இவ்வளவு ஒற்றுமை வந்திருக்காது. யாரோ ஒருவர் பின்னால் ஒரு நாள் உட்கார்ந்து, தன்னிடமிருந்த எல்லாவற்றுக்கும் ஒரே மூச்சில் சீட்டுக் கட்டியிருக்கிறார் என்றுதான் எனக்குப் படுகிறது. அப்படியானால் சீட்டு சொல்வது வாள் பிறந்த ஊர் ஆகாது. அதை எழுதியவரின் நினைவு, அவ்வளவே.

'மோரோ' என்ற சொல்லையும் கொஞ்சம் பார்க்க வேண்டும். ஸ்பெயின்காரர்கள் தங்கள் நாட்டில் வடஆப்பிரிக்க முஸ்லிம்களுக்கு வைத்திருந்த பெயர் அது. 16ஆம் நூற்றாண்டில் பிலிப்பைன்ஸுக்கு வந்தபோது அங்கிருந்த முஸ்லிம்களையும் அதே பெயரால் அழைத்தார்கள். அந்த ஒரு சொல்லுக்குள் எத்தனை மக்கள்! கொத்தாபாத்தோ பக்கத்து ஆற்றுச் சமவெளியில் மகிந்தனாவோ, லனாவ் ஏரியைச் சுற்றி மரானாவோ, சூலுத் தீவுகளில் தௌசூக், பசிலானில் யாக்கான், கடலோரக் கிராமங்களில் சமால். மொழி வேறு, கொல்லர் வேறு, வாளும் வேறு. போதாக்குறைக்கு, மிண்டனாவோ என்றாலே மோரோ என்றும் கிடையாது. மலைப்பகுதியில் பகோபோ, மண்டாயா, திபோலி முதலிய மக்கள் இருக்கிறார்கள். பித்தளையை மெழுகு அச்சில் வார்த்து, சின்னச் சின்ன மணிகளைக் கோத்த திபோலிப் பிடியை ஒரு தடவை பார்த்தவர் அதை மறக்க மாட்டார். நம் வாளில் அந்தச் சாயல் துளியும் இல்லை. அந்த வழியை அப்போதே மூடிவிட்டேன்.

1898 பாரிஸ் ஒப்பந்தத்தில் 2 கோடி டாலர் கொடுத்து அமெரிக்கா இந்தத் தீவுகளை ஸ்பெயினிடமிருந்து வாங்கியது. அடுத்த ஆண்டே போர் மூண்டது. ஆயிரக்கணக்கான சிப்பாய்கள் வந்தார்கள், திரும்பும்போது பெட்டியில் வாளோடு போனார்கள். 1903 ஜூனில் தெற்கே 'மோரோ மாகாணம்' அமைத்தார்கள். 1906இல் பூத் தாஹோ, 1913இல் பூத் பக்சாக் என்று அங்கே நடந்த சண்டைகளில் பெண்களும் குழந்தைகளும் சேர்ந்து மாண்டார்கள். அமெரிக்கப் பத்திரிகைகள் வழியாக 'மோரோ' என்ற சொல் அச்சத்தோடு வீடு வீடாகப் போய்ச் சேர்ந்தது. அப்புறம் எந்தத் தீவில் எடுத்த கத்தியானாலும் 'மோரோ' என்று சொன்னால்தான் மதிப்பு. வடக்கிலுள்ள லூசோன் தீவு விவசாயியின் இதாக் கத்திக்குக்கூட 'மோரோ' என்று சீட்டு ஒட்டியிருப்பதை ஏலப் பட்டியல்களில் பல தடவை பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு தடவையும் வருத்தமாகத்தான் இருக்கிறது. ஓர் ஊரின் கைவேலை இன்னோர் ஊரின் பெயரில் போகிறது. அந்த ஊரின் கொல்லர் எங்கேயும் பதிவாகாமல் போகிறார்.

கிரிஸை மட்டும் 'மோரோ' என்று சீட்டு சரியாகத்தான் சொல்லியிருந்தது. ஜாவாவின் கிரிஸைவிட இது பெரியது, வெட்டவும் பயன்படுவது. அலகைப் பிடியோடு இறுக்கிப் பிடிக்கும் உலோகக் கவ்வி இருக்கிறது. அதை அசாங்-அசாங் என்பார்கள். அலகின் அடியில் கங்யா என்ற தனித்துண்டு. அலகுக்கும் கங்யாவுக்கும் நடுவிலுள்ள கோடு பழைய வாள்களில் நேராக இருக்கும். காலம் போகப் போகச் சாய்ந்து, கடைசியில் தனித்துண்டே இல்லாமல் வெறும் கீறலாகிவிட்டது. பெரியவரின் கிரிஸில் கோடு சாய்ந்திருந்தது. ஆனாலும் உண்மையான இணைப்பு. சரி, அது நம் வேலை இல்லை. சீட்டு எழுதியவருக்கு உண்மையான மோரோ வாள் ஒன்று கிடைத்திருக்கிறது என்பது மட்டும் இங்கே முக்கியம். பக்கத்திலிருந்த மற்ற வாளுக்கும் அதே பெயர் ஒட்டிக்கொண்டது எப்படி என்பது அதிலிருந்து புரிகிறது.

ஸ்கேலை வைத்தபோது

இந்த ஆய்வு திரும்பியது ஒரு சாதாரண எஃகு ஸ்கேலால். அலகைக் கிடைமட்டமாகப் பிடித்து, அதன் குறுக்கே ஸ்கேலை நிமிர்த்தி வைத்தேன். இடப்பக்கத்தில் ஸ்கேல் முதுகிலிருந்து வாய்வரை ஒட்டி உட்கார்ந்தது. பின்னால் டார்ச் பிடித்தால் வெளிச்சம் ஒரு நூல்கூட ஒழுகவில்லை. திருப்பி வலப்பக்கம் வைத்தேன். ஸ்கேல் ஆடியது. முதுகிலிருந்து பாதிவரை ஒரு தளம், அங்கிருந்து வாய் நோக்கி ஒரு சரிவு.

பெரியவரையும் கையில் பிடித்துப் பார்க்கச் சொன்னேன். இரண்டு மூன்று தடவை திருப்பித் திருப்பி வைத்துப் பார்த்தார். "ஆசாரி உளி மாதிரி இருக்கே" என்றார். அதேதான். ஒரு பக்கம் தட்டை, ஒரு பக்கம் மட்டும் சரிவு.

பாரோங் அப்படி இருக்காது. சூலுக் கொல்லர் அடித்த பாரோங்கின் முதுகு நல்ல தடிப்பு. அங்கிருந்து இரண்டு பக்கமும் ஒரே அளவில், லேசான புடைப்போடு வாய்க்கு இறங்கும். குறுக்கே வெட்டிப் பார்த்தால் ஆப்பு மாதிரி தெரியும். கிரிஸோ இரண்டு பக்கமும் கூர் உள்ளது. மிண்டனாவோவின் கம்பிலான் நீண்ட வாள். பிடியருகே ஒடுங்கி முனைப் பக்கம் அகலமாகும், முனையில் ஒரு சின்ன முள் நீட்டிக்கொண்டிருக்கும். யாக்கான் மக்களின் பீரா என்றால் பிடியிலிருந்து கொம்பு வால்போல நீண்டு நிற்கும். பனபாஸ் முன்பக்கம் வளைந்த வெட்டுவாள். இவை எதிலும் இந்த உளிச்சரிவு வழக்கமில்லை.

உளிச்சரிவு அதிகம் காணப்படுவது நடுத்தீவுகளான விசயாஸில். பனாய், நெக்ரோஸ், செபு, லெய்ட்டே, சமர் ஆகிய தீவுகளின் வாள்களை எடுத்துக் கையில் வைத்தால், பெரும்பாலும் ஒரு பக்கம் தட்டையாக இருக்கும். ஆனால் இதை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்லக் கூடாது. வடக்கே கொர்டியேரா மலையின் தலைவெட்டுக் கோடரிகளிலும் ஒருபக்கச் சரிவு உண்டு. இது பாரோங் இல்லை என்பதை ஸ்கேல் சொல்லிவிட்டது. விசயாஸ் என்று உறுதி சொல்ல வேறு சாட்சி வேண்டியிருந்தது.

கிளியா, வேறு விலங்கா

பிடிக்கு வருவோம். சூலுவின் பாரோங்கிலும் கிரிஸிலும் வருவது காக்கத்துவா, கொண்டை வைத்த வெள்ளைக் கிளி. அதைச் செதுக்குவதில் சூலுக் கைவினைஞர்கள் காட்டும் அடக்கம் தனி அழகு. கண் இருக்காது, பல் இருக்காது. முன்னால் ஒரு மூக்கு வளைவு, பின்னால் ஒரு கொண்டை வளைவு, அவ்வளவே. வெளிச்சத்தில் மின்னும் பனாத்தி மரமோ, தந்தமோ, கொம்போ வைத்துச் செய்து, கீழே வெள்ளிக் கூடும் பின்னிய கயிறும் சுற்றுவார்கள். தலைவர்களின் வாள்களில் அந்த மூக்கும் கொண்டையும் வெகுவாக நீண்டு பெரிதாக இருக்கும். அந்த வகைக்கு ஜுங்கையான் என்று பெயர்.

நம் வாளின் தலைக்கு உருண்டைக் கண் இருந்தது. கண்ணுக்கு நடுவே பித்தளை ஆணி. வாய் திறந்திருந்தது. வாய்க்குள் நாக்கு, ஓரத்தில் வரிசையாகப் பல். பிடரியில் சுருள் சுருளாக எழும் வேலைப்பாடு. இது கிளி இல்லை. இப்படிக் கண்ணும் பல்லும் வைத்த கற்பனை விலங்குத் தலை, பனாய் தீவின் வாள்களுக்கும் எதிர்க்கரை நெக்ரோஸின் வாள்களுக்கும் உரிய அடையாளம். சேகரிப்பாளர்கள் இந்தப் பிடிவகையையும், அதை வைத்த வாளையும் தெனெக்ரே என்பார்கள். பருத்த வயிறும் சரிந்த முதுகும் உள்ள இந்த அலகுக்கு அங்கே தலிபோங் என்று பெயர்.

இந்தத் தலையைப் பலரும் உடனே பகுனாவா என்று சொல்லிவிடுவார்கள். விசயாஸ் கதைகளில் கடலிலிருந்து எழுந்து நிலவை விழுங்கும் பெரும் பாம்பு அது. கிரகணத்தின்போது பானை சட்டியைத் தட்டிச் சத்தம் எழுப்பி, விழுங்கிய நிலவைத் துப்ப வைப்பார்கள். அழகான கதை. ஆனால் ஒவ்வொரு பிடியிலும் உள்ள தலைக்கு அந்தப் பெயரைச் சூட்ட நான் தயங்குவேன். சிலவற்றில் நாய் மாதிரி முகம், சிலவற்றில் பறவை, சிலவற்றில் மனித முகம்கூட இருக்கும். 'வாய் திறந்த விலங்குத் தலை' என்று எழுதுவதே நேர்மை.

திறந்த வாய் கம்பிலானிலும் உண்டே என்று கேட்கலாம். உண்டு. ஆனால் அங்கே பிடியின் கோடியே இரண்டாகப் பிளந்து நிற்கும். அந்தப் பிளவுதான் வாய். பல கம்பிலான்களில் அதில் முடிக்கற்றை செருகியிருப்பார்கள். மரானாவோ, மகிந்தனாவோ மக்களின் ஒகிர் என்ற சுருள் வேலைப்பாடும் அதில் வரும். அந்த வேலைப்பாட்டில் வரும் பாம்புக்கு அவர்கள் வைத்த பெயர் நாகா. நம் 'நாகம்' தான், சமஸ்கிருதம் வழியாகக் கடல் தாண்டிப் போன சொல்.

பிடி கொம்புதானா என்றும் உறுதிப்படுத்தினோம். சுட்ட ஊசியைக் குத்திப் பார்க்கும் பழக்கம் சிலரிடம் உண்டு; அந்த வடு போகாது, செய்யக் கூடாது. காதருகே மெல்லிய விளிம்பில் டார்ச் அடித்தால் போதும். கறுப்பாகத் தெரிந்த இடம் தேன் நிறத்தில் ஒளிர்ந்தது. அடிப்பக்கம் பூச்சி அரித்த சின்னக் குழிகளும் இருந்தன. கொம்பைத் தின்னும் பூச்சிகள் விடும் தடம் அது.

உறை

ஏலத்தில் வாங்குபவர்கள் அலகைப் பார்ப்பார்கள், பிடியைப் பார்ப்பார்கள், உறையை ஓரமாக வைத்துவிடுவார்கள். என்னைக் கேட்டால் ஊரைச் சொல்வதில் உறைக்குத்தான் முதலிடம். அலகு விலைக்குப் போகும், பரிசாகப் போகும், கொள்ளையில் போகும். உறை மரம், உடைந்தால் இருக்கும் ஊரிலேயே புதிதாகச் செய்துகொள்வார்கள். உள்ளூர் மரம், உள்ளூர்ப் பிரம்பு, இடுப்பில் கட்டும் உள்ளூர் வழக்கம் எல்லாம் அதில் ஏறிவிடும்.

பாரோங் உறை தட்டையான இரண்டு பலகை. வாய்ப்பக்கம் அகலமாக இருக்கும், அடிக்கோடி மேல்நோக்கித் திரும்பி நிற்கும். கம்பிலான் உறையோ வெறும் பலகை இரண்டை அங்கங்கே கயிற்றால் கட்டியது. உருவ நேரமில்லை என்றால் உறையோடே ஓங்கலாம், கயிற்றை அறுத்துக்கொண்டு வெட்டு விழும் என்று சொல்வார்கள். வடக்கே இஃபுகாவோ மலைமக்களின் உறை ஒரு பக்கம் திறந்தே இருக்கும். அலகு வெளியே தெரியும். லூசோன் சமவெளியில் தோல் உறை அதிகம், ஸ்பானியச் சாயலில் பூவேலை அழுத்தியது. கூடவே பிடியில் கைக்காப்பு வளைவும் வரும்.

நம் உறையைத் திருப்பினேன். பின்பக்கம், வாய்க்குச் சற்றுக் கீழே, அதே மரத்தில் குடைந்த ஒரு காது. வாரை நுழைக்க வேண்டிய வளையத்தைத் தனியாகச் செய்து ஒட்டவில்லை, பலகையைச் செதுக்கும்போதே புடைப்பாக விட்டு நடுவில் துளைத்திருக்கிறார்கள். அந்தத் துளையின் மேல்விளிம்பு வழுவழுவென்று தேய்ந்திருந்தது. வருடக்கணக்கில் இடுப்பில் தொங்கி நடந்தால்தான் அப்படித் தேயும். இந்தச் செதுக்கிய காது விசயாஸ் உறைகளின் வழக்கம். குறிப்பாகப் பனாய் உறைகளில் இதை நிறையப் பார்க்கலாம். சூலு உறைகளில் பார்த்ததில்லை.

அதை விரலால் தடவிய நிமிடத்தில் எனக்குள் இருந்த சந்தேகம் தீர்ந்தது. ஸ்கேலும் பிடியும் உறையும், மூன்றும் தனித்தனியாக ஒரே திசையைக் காட்டின.

ஆனாலும் ஒரு கேள்வியைத் தாண்டாமல் முடிவு எழுதக் கூடாது. ஒரு தீவின் அலகு, இன்னொரு தீவின் பிடி, மூன்றாவது இடத்து உறை என்று மூன்றையும் சேர்த்து ஒன்றாக விற்பது சந்தையில் சகஜம். தெற்கிலிருந்து வந்த கடற்படைகள் விசயாஸ் கரைகளில் நூற்றாண்டுக்கணக்கில் ஆள்பிடித்துப் போயின. அங்கே கடலோரங்களில் இன்றும் நிற்கும் கல் காவல்கோபுரங்கள் அதன் சாட்சி. அந்தப் போக்குவரத்தில் வாள்களும் இரு பக்கமும் கைமாறின. ஆகவே இம்மூன்றும் பிறவியிலேயே சேர்ந்தவையா என்று பார்த்தோம். பூணுக்கும் அலகுக்கும் இடையில் இடைவெளி இல்லை. புதுப் பசையின் தடமும் இல்லை. பூணில் ஏறிய களிம்பு கொம்பின் ஓரத்திலும் பச்சையாக ஊறியிருந்தது. அலகு உறைக்குள் ஒரே திசையில்தான் போகிறது. தட்டைப் பக்கம் ஒரு பலகையோடு ஒட்டுகிறது. சரிவுப் பக்கத்துக்கு மற்றப் பலகையில் ஆழமாகக் குடைந்திருக்கிறார்கள். திருப்பிச் செருகினால் பாதியில் நிற்கிறது. இந்த அலகுக்கென்றே குடைந்த உறை இது.

பெயரைப் பிடித்துக்கொண்டு போனால்

"சரி, அப்போ இதுக்குப் பேரு என்னன்னு எழுதறது? சுண்டாங்னு ஒருத்தர் சொன்னாரே" என்றார் பெரியவர்.

பெயர்களில்தான் பெரிய வழுக்கல் இருக்கிறது. விசயாஸில் சுண்டாங் என்றால் வீட்டில் விறகு வெட்டும் கத்தியும் அதுதான், வயலில் புல் அறுப்பதும் அதுதான். அதே சொல் தெற்கே கிரிஸைக் குறிக்கும். காலிஸ் என்பது சூலுவில் கிரிஸ். பழைய தகலோக் மொழியில் பொதுவாக வாள். போலோ என்பதோ ஸ்பானியர் காலம்தொட்டு எல்லாப் பெரிய கத்திக்கும் வைத்த பொதுப்பெயர். செபுவின் பினுட்டி என்ற பெயர் 'வெண்மையாக்கியது' என்று அலகின் மெருகைச் சொல்கிறது. கினுண்டிங் என்றால் கத்தரிக்கோலின் சாயல். ஒன்று நிறத்தால் வந்த பெயர், ஒன்று வடிவத்தால் வந்தது. பெயரிலிருந்து ஊருக்குப் போக முயன்றால் வழி தவறும். வாளின் ஊரைக் கண்டபின் அந்த ஊர்ப் பெயரை வைப்பதே சரியான வரிசை.

1521இல் மக்தான் கரையில் மகெல்லன் விழுந்ததை உடனிருந்த பிகாஃபெத்தா எழுதிவைத்திருக்கிறார். இடது காலில் பெரிய வெட்டுவாளால் வெட்டினார்கள், அது வளைவாள் போல ஆனால் அதைவிடப் பெரியது என்கிறார். அந்த ஒரு வரியை வைத்து அது கம்பிலான்தான் என்று பாடம் சொல்லி, சிலை வைத்து, பச்சை குத்திக்கொள்ளும் அளவுக்கு உறுதியாகிவிட்டார்கள். 16ஆம் நூற்றாண்டில் விசயாஸ் மக்கள் கம்பிலான் வைத்திருந்தது உண்மைதான். இன்று நாம் மிண்டனாவோவோடு மட்டும் சேர்த்துப் பார்க்கும் வாள் அன்று வடக்கேயும் பரவியிருந்தது. ஆனால் வாள் கையில் இல்லாமல், ஒரு வரியை மட்டும் வைத்து நான் எந்த வாளுக்கும் ஊர் எழுத மாட்டேன்.

பனாயா, நெக்ரோஸா

இங்கேதான் கொஞ்சம் நிதானம் வேண்டும். பனாய், நெக்ரோஸ் இரண்டுக்கும் நடுவில் குறுகலான கடல்தான். 1855இல் பனாயின் இலோயிலோ துறைமுகத்தை வெளிநாட்டு வணிகத்துக்குத் திறந்தார்கள். அடுத்த ஆண்டு நிக்கோலஸ் லோனி என்ற பிரிட்டிஷ் துணைத்தூதர் அங்கே வந்து சர்க்கரைத் தொழிலை முடுக்கிவிட்டார். பனாயிலிருந்து நிலம் தேடியும் கூலி தேடியும் குடும்பம் குடும்பமாக நெக்ரோஸுக்குப் போனார்கள். ஹிலிகாய்னோன் மொழி அவர்களோடு கடல் தாண்டியது. கொல்லரும் தச்சரும் கூடவே போனார்கள். கரும்பு வெட்ட வாள் வேண்டுமே.

1898 நவம்பர் 5 அன்று நெக்ரோஸில் ஸ்பானியரை எதிர்த்து எழுந்தவர்கள் கைகளில் இருந்ததும் இந்த மாதிரி வாள்கள்தான். துப்பாக்கி போதாமல் ஓலைமட்டையைத் துப்பாக்கி போலச் செதுக்கினார்கள். மூங்கில் பாயைச் சுருட்டிக் கறுப்படித்துப் பீரங்கி போல வைத்தார்கள். தூரத்திலிருந்து பார்த்த படை சரணடைந்தது. அதே மலைகளில் கிளர்ச்சித் தலைவர் பாப்பா இசியோ தன் ஆட்களோடு முதலில் ஸ்பானியரையும் பிறகு அமெரிக்கரையும் எதிர்த்து 1907வரை தாக்குப்பிடித்தார். இந்த வாள் அப்படி ஒருவர் இடுப்பில் இருந்ததா, கரும்புத் தோட்டத்தில் இருந்ததா என்று கற்பனை செய்யலாம், எழுத முடியாது.

நான் பனாய் பக்கம் சாய்வதற்குக் காரணம் உறையின் காது. தலையின் பிடரிச் சுருளும் அதோடு ஒத்துப்போகிறது. ஆனால் பனாயில் கற்ற கை நெக்ரோஸில் செய்திருந்தாலும் இதே மாதிரிதான் இருக்கும். ஆகவே தீவைப் பெயரோடு எழுதி, எதிர்க்கரையையும் சேர்த்துக் குறிப்பிடுவது என்று முடிவுசெய்தோம். மாவட்டம், ஊர் என்று இதற்கு மேல் இறங்கினால் அது ஆசையில் எழுதுவதாகிவிடும்.

காலம்? இரண்டாம் உலகப் போருக்குப் பின் சுற்றுலாப் பயணிகளுக்காகச் செய்த வாள்களில் அலகு மெல்லிசாக இருக்கும், வாய் தீட்டிய தடம் இருக்காது, உறைக்காது தேய்ந்திருக்காது. இது உழைத்த வாள். 1903க்குள் கைமாறியிருக்கிறது என்று சீட்டை அந்த மட்டிலாவது நம்பினால், 19ஆம் நூற்றாண்டின் கடைசிப் பகுதி என்று வைப்பது பொருத்தம்.

அப்படியானால் மிண்டனாவோ எங்கிருந்து வந்தது? 1899 பிப்ரவரியில் அமெரிக்கப் படை இலோயிலோவைப் பிடித்தது. ஒரு சிப்பாய் முதலில் பனாயில் இருந்து பிறகு தெற்கே மாற்றலாகியிருக்கலாம். மணிலாவிலோ மிண்டனாவோவின் சம்போவாங்காவிலோ கடைத்தெருவில் வாங்கியிருக்கலாம். வீட்டுக்கு வந்த பிறகு, பக்கத்தில் இருந்த கிரிஸைப் பார்த்து இதற்கும் அதே பெயரை எழுதியிருக்கலாம். ஒரே கை, ஒரே மை, ஒரே முடிச்சு என்பதால் மூன்றாவதுதான் எனக்கு அதிகம் படுகிறது. முதல் இரண்டும் அதற்கு முரண் இல்லை.

பெரியவருக்கு முதலில் கொஞ்சம் ஏமாற்றம். பாரோங் என்று நினைத்துக் கொடுத்த விலை அது. கொஞ்ச நேரம் உறையின் காதைத் தடவிக்கொண்டே இருந்தார். "யாரோ ஒருத்தன் தினமும் கட்டியிருக்கான்ல" என்றார். அப்புறம் அவரே பேனாவை எடுத்தார். நான் சொல்லச் சொல்ல எழுதிய புது அட்டை இது:

'தலிபோங். தெனெக்ரே வகைப் பிடி, எருமைக் கொம்பு, வாய் திறந்த விலங்குத் தலை, கண்ணில் பித்தளை ஆணி. அலகு ஒருபக்கச் சரிவு, 45 செ.மீ. மர உறை, பின்பக்கம் செதுக்கிய வார்க்காது, பிரம்பு வளையங்கள். மேற்கு விசயாஸ், பனாய், அல்லது எதிர்க்கரை நெக்ரோஸ். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி. உடன் வந்த சீட்டு: மோரோ போலோ, மிண்டனாவோ, 1903.'

பழைய சீட்டை அவிழ்க்கவில்லை. அதன் நூல் இற்றுப்போயிருந்ததால் மெல்லிய பருத்தி உறைக்குள் போட்டுப் பிடியோடு சேர்த்துக் கட்டிவைத்தோம். கிரிஸை அடுத்த வாரம் பார்ப்பதாக இருக்கிறோம். அதன் சீட்டிலும் மிண்டனாவோ என்றுதான் இருக்கிறது. ஆனால் பிடியில் இருப்பது காக்கத்துவா. கண்ணும் இல்லை, பல்லும் இல்லை.